சீம்பால் யாருக்கு?

அன்புள்ள அண்ணாச்சி,

நாங்குநேரி பக்கம் ஒரு சிற்றூரில் இரண்டு பசுவும் பத்துப் பன்னிரண்டு ஆடும் வைத்திருக்கிறோம். போன மாதம் சந்தையில் நிறைசினையாக வாங்கி வந்த பசு, நாலாம் நாள் விடிகாலையில் ஈன்றது. கொடி விழாமல் கன்றுக்குப் பால் விடக் கூடாது என்பது அம்மாவின் கணக்கு. விழுந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. முதல் சீம்பாலைக் கறந்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தோம். மிச்சத்தைத்தான் கன்று குடித்தது. மூன்றாம் நாள் கழிச்சல் கண்டது, ஆறாம் நாள் செத்துப்போனது. “சீம்பாலைத் தின்றது நீங்கள், செத்தது கன்று” என்றார் கால்நடை டாக்டர். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. காலங்காலமாக இப்படித்தானே செய்துவந்தோம்?

என் மனைவிக்கு இது எட்டாம் மாதம். பிள்ளை பிறந்ததும் முதல் பாலைப் பீய்ச்சிவிட்டு, தேன் தொட்டுச் சேனை வைக்க வேண்டும் என்கிறார் அம்மா. கன்றுக்குச் சொன்னது பிள்ளைக்கும் பொருந்துமா? இன்னொரு சந்தேகம். ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட வந்தவர்கள் ஒன்றரை மாதக் குட்டிகளை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சின்னதுக்குத்தானே முதலில் போட வேண்டும்?

ம.

அன்புள்ள தம்பி,

முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். டாக்டர் சொன்ன விஷயம் சரிதான். ஆனால் கன்றைப் பறிகொடுத்து நிற்கிற வீட்டில் சொல்கிற பேச்சா அது?

எங்கள் வீட்டிலும் கன்றுக்கு முந்திக்கொண்டவர்கள்தான் நாங்கள். ஆச்சி கும்பாவில் சீம்பாலை ஊற்றி, கருப்பட்டியும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, இட்லிக் கொப்பரைக்குள் வைத்து அவிப்பாள். உறை ஊற்ற வேண்டாம், கடல்பாசி வேண்டாம். சூடு ஏறியதும் தானாகவே இறுகிவிடும், கத்தியால் கோடு போட்டு வெட்டலாம். ஏழெட்டு வீடுகளுக்குக் கிண்ணம் சுமந்தவன் நான். அது ஏன் இறுகுகிறது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. சாதாரணப் பாலில் கொஞ்சமாக இருக்கிற சில புரதங்கள் சீம்பாலில் மண்டிக் கிடக்கின்றன, முட்டை வெள்ளைக்கரு போல அவை சூட்டில் கட்டியாகின்றன. அவற்றில் பெரும்பங்கு, தான் கண்ட கிருமிகளுக்கு எதிராகத் தாய்ப்பசு தன் ரத்தத்தில் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புப் பொருள். நாங்கள் வெட்டித் தின்றது அதைத்தான். அவித்தபின் அது வெறும் புரதம், நமக்கு ருசியைத் தவிர லாபம் இல்லை.

கன்றின் கதை வேறு. வயிற்றில் இருக்கும்போது மாட்டின் நஞ்சுக்கொடி தாயின் ரத்தத்துக்கும் கன்றின் ரத்தத்துக்கும் நடுவே அடுக்கடுக்காகத் திரை போட்டு வைத்திருக்கிறது. சத்து கடந்து வரும், எதிர்ப்புப் பொருள் வராது. ஆடு, குதிரை, பன்றி எல்லாவற்றுக்கும் இதே நிலைமை. ஆகவே கன்று மண்ணில் விழும்போது அதன் ரத்தத்தில் தாய் கொடுத்த பாதுகாப்பு அநேகமாக ஒன்றுமே இல்லை. எல்லாம் சீம்பால் வழியாகத்தான் வர வேண்டும். அதற்கும் கெடு உண்டு. பிறந்த கன்றின் குடல் அந்தப் பெரிய புரதங்களைச் செரிக்காமல் முழுசாகவே ரத்தத்துக்குள் விட்டுவிடும். சில மணி நேரத்தில் அந்தத் திறன் குறையத் தொடங்கி, ஒரு நாளில் அநேகமாக நின்றுவிடும். அதன்பின் குடம் குடமாகக் கொடுத்தாலும் ரத்தத்தில் சேராது. 25 கிலோ கன்று என்றால் முதல் சில மணி நேரத்துக்குள் இரண்டரை லிட்டராவது உள்ளே போக வேண்டும்.

உங்கள் வீட்டில் விடிகாலையிலிருந்து மத்தியானம்வரை போனது அந்த நேரம்தான். கொடி விழப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலாம். அதை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுகிற வழக்கம் இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. விழும்வரை கன்றைக் கட்டிப்போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். கன்று மடியை முட்டிக் குடிப்பதே கொடி கழலவும் உதவும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்.

காலங்காலமாகச் செய்தோமே என்கிறீர்கள். தியோபால்ட் ஸ்மித் என்ற அமெரிக்கர், மாட்டு உண்ணி நோயைப் பரப்பும் என்று முதலில் காட்டியவர். அவரும் லிட்டில் என்பவரும் 1922இல் சில கன்றுகளுக்குச் சீம்பால் கொடுத்தும் சிலவற்றுக்குக் கொடுக்காமலும் வளர்த்துப் பார்த்தார்கள். கொடுக்காதவற்றில் பெரும்பாலானவை செத்தன. பெரும்பாலானவை, அவ்வளவுதான், சில பிழைத்தன. நம் வீடுகளிலும் பிழைத்ததற்குப் பெயர் வைத்துக் கூப்பிட்டோம். செத்ததை எங்கே புதைத்தோம் என்பதுகூட நினைவில் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பசு வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அதன் சீம்பாலில் இருந்தது பழைய தொழுவத்துக் கிருமிகளுக்கான எதிர்ப்பு. உங்கள் தொழுவத்துக் கிருமிகளை அது பழகிக்கொள்ளவே சில வாரம் வேண்டும். எனவே பழியை அம்மா தலையில் மட்டும் ஏற்ற வேண்டாம். இனி சினைமாடு வாங்கினால் ஈனுவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே வாங்குங்கள்.

பால் வழியாக எதிர்ப்பு போகிறது என்று முதலில் காட்டிய சோதனை நம் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும். பால் எர்லிக் என்ற ஜெர்மானியர் 1890களில் ஆமணக்கு விதை நஞ்சையும் குன்றிமணி நஞ்சையும் துளித்துளியாகக் கொடுத்துப் பெண் எலிகளைப் பழக்கினார். பிறகு குட்டிகளை இடம் மாற்றிவிட்டார். பழகாத தாய்க்குப் பிறந்த குட்டி, பழகிய தாயிடம் பால் குடித்தது. அந்தக் குட்டியும் நஞ்சைத் தாங்கியது. ஆண் எலியைப் பழக்கிப் பார்த்ததில் குட்டிகளுக்கு ஒன்றும் வரவில்லை. தகப்பன்மார் நாம் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

உங்கள் பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். மனிதப் பிள்ளை கன்றைப் போல வெறுங்கையோடு வருவதில்லை. நம் நஞ்சுக்கொடி தாயின் ரத்தத்திலேயே தோய்ந்து கிடக்கிறது. அங்கிருந்து எதிர்ப்புப் பொருளைத் தேர்ந்து எடுத்துப் பிள்ளைக்கு அனுப்புகிறது. கடைசி மூன்று மாதத்தில்தான் இது மும்முரம், உங்கள் வீட்டில் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. குறைமாதப் பிள்ளைகள் நோய்க்கு எளிதில் ஆளாவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படியென்றால் முதல் பாலைப் பீய்ச்சிவிடலாமா? கூடாது. அந்த மஞ்சள் பாலில் இருப்பது வேறு வகை எதிர்ப்புப் பொருள். ரத்தத்துக்குப் போகாமல் குடலின் உள்சுவரில் நின்று காவல் காக்கும். தாயின் குடல் எந்தக் கிருமியைச் சந்தித்ததோ அதற்கேற்பப் பாலில் அது ஊறும். உங்கள் வீட்டுத் தண்ணீரும் தொழுவமும் அந்தப் பாலுக்குத் தெரியும். சேனைத் தேனுக்குத் தெரியாது. தேனில் சில சமயம் ஒரு கிருமியின் வித்துகள் இருக்கும், பிஞ்சுக் குடலில் அவை முளைத்தால் கைகால் துவண்டுவிடும். ஒரு வயதுவரை தேன் வேண்டவே வேண்டாம். சேனை வைத்தே ஆக வேண்டும் என்று அம்மா நின்றால், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மருமகளின் சீம்பாலையே ஒரு சொட்டு தொட்டு வைக்கட்டும்.

ஆட்டுக்குட்டிகளை விட்டுவிட்டுப் போனவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். அந்த ஊசியில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ். தாயிடம் குடித்த எதிர்ப்பு குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை அதையும் எதிரியென்று அடித்துப்போட்டுவிடும், குட்டி சொந்தமாக எதிர்க்கக் கற்றுக்கொள்ளாது. நாம் மணல்வாரி என்று சொல்லும் தட்டம்மைக்குப் பிள்ளைகளுக்கு ஒன்பது மாதம் முடிந்தபின் ஊசி போடுவதும் இதே காரணத்தால்தான். இரண்டும் ஒரே குடும்பத்து வைரஸ்கள். 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்களே, மாட்டு வெக்கை, அதுவும் இவற்றுக்குப் பங்காளி. ஆட்டுக்கொல்லி ஒழியவில்லை. நம் நாட்டில் அது முதலில் தெரியவந்ததே தமிழ்நாட்டில்தான், 1987இல் விழுப்புரம் பக்கம் அரசூரில்.

ஒன்றரை மாதத்தில் போட்டிருந்தால் ஊசியும் வீண், போட்டாயிற்று என்று நீங்களும் நிம்மதியாக இருந்திருப்பீர்கள். மூன்று மாதம் முடிந்ததும் முகாமுக்குக் காத்திராமல் குட்டிகளைக் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிக்கொண்டு போங்கள். அதுவரை சந்தையிலிருந்து புது ஆடு எதையும் மந்தையோடு சேர்க்காதீர்கள்.