ஷகாரியின் ஒரு மாதத் தடை – கடிதம்

அன்புள்ள சார்,

நான் தர்மபுரி பக்கத்துல ஒரு கவர்மென்ட் ஸ்கூல்ல பி.இ.டி. டீச்சரா இருக்கேன். சாயங்காலம் பிராக்டிஸ் முடிஞ்சதும் புள்ளைங்களுக்கு ஓட்டப்பந்தய வீடியோ போட்டுக் காட்டுவேன், அதுல அமெரிக்காவோட ஷகாரி ரிச்சர்ட்சன்னா எங்க பொண்ணுங்களுக்கு உயிர். போன வாரம் ஒருத்தி "மிஸ், இவங்க கஞ்சா அடிச்சாங்கன்னு ஒலிம்பிக்ல ஓட விடலயாமே, நெஜமா"ன்னு கேட்டுட்டா. அத ஸ்டாஃப் ரூம்ல சொன்னேன், பேச்சு சண்டையாயிருச்சு. 2021ல ஷகாரிய டோக்கியோ போக விடல, அடுத்த வருஷமே ரஷ்யாவோட ஐஸ் ஸ்கேட்டிங் வீராங்கனை கமிலா வலியேவா நெஜமான ஊக்கமருந்துல மாட்டியும் பெய்ஜிங்ல ஆட விட்டாங்க, இவங்க கறுப்பு அவங்க வெள்ளை, இது நிறவெறி இல்லாம வேற என்னன்னு நான் கேட்டேன். எங்க மேத்ஸ் சார் "ரூல்னா ரூல்தான் டீச்சர், எல்லாத்துலயும் நிறத்த கொண்டு வராதீங்க"ங்கறார். நீங்க என்ன சொல்றீங்க? அந்தப் பொண்ணுகிட்ட நான் என்ன சொல்லட்டும்?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

ரெண்டு தீர்ப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு "பாரு, இதான் நிறவெறி"ன்னு சொன்னா அந்த வாதம் நிக்காதுன்னுதான் நான் நெனைக்கறேன். ஆனா உங்க மேத்ஸ் சார் சொல்றதையும் என்னால ஒத்துக்க முடியல. பாரபட்சம் அந்தத் தீர்ப்புல இல்ல, அதுக்கு கிட்டத்தட்ட இருபது வருஷம் முன்னாடி கஞ்சாவ தடைப் பட்டியல்ல சேத்தாங்களே, அங்க இருக்கு.

மொதல்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லிடறேன், ஏன்னா வாட்ஸ்அப்ல பாதிக் கதைதான் சுத்துது. 2021 ஜூன் 19, அமெரிக்காவுல ஓரிகான் மாகாணம் யூஜீன் நகரத்துல ஒலிம்பிக் ட்ரையல்ஸ் (டீமுக்கு ஆள் எடுக்கற போட்டி), ஷகாரிக்கு 21 வயசு, 100 மீட்டர 10.86 செகண்ட்ல ஓடி ஜெயிச்சாங்க. பாட்டிதான் வளத்தாங்க. பெத்த அம்மா செத்துப்போன விஷயத்த ட்ரையல்ஸுக்கு கொஞ்சம் முன்னாடி ஒரு ரிப்போர்ட்டர் கேள்வி கேக்கும்போதுதான் அவங்களுக்குத் தெரிய வந்துச்சு, மைக்க நீட்டி ஒருத்தர் சொல்லித்தான் அம்மா இல்லன்னு தெரியணும்ங்கறது எந்த ஜென்மத்துக்கும் வரக்கூடாத நெலம. அந்த வேதனைல கஞ்சா எடுத்தாங்க. ஓரிகான்ல 21 வயசு ஆனவங்க கஞ்சா எடுக்கறது சட்டப்படி குத்தமே இல்ல. ஆனா போட்டி அன்னிக்கு எடுத்த சாம்பிள்ல டிஎச்சி, அதாவது கஞ்சாவுல போதை குடுக்கற பொருள், இருந்துச்சு. அவங்க ஒளிக்கல, டிவில வந்து ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேட்டாங்க. இந்த மாதிரி பொருளுக்கு 2021 விதிப்படி மூணு மாசத் தடை, போட்டிக்கு வெளிய எடுத்தது, கவுன்சலிங் முடிச்சாச்சுன்னா ஒரு மாசமா குறைக்கலாம், அப்படியே குறைச்சாங்க, ஜூன் 28லருந்து ஒரு மாசம். அதாவது டோக்கியோவுல 100 மீட்டர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தடை முடிஞ்சு போச்சு! ஆனா ட்ரையல்ஸ்ல ஓடின ரிசல்ட் ரத்து, அதனால டீம்ல எடம் இல்ல.

இனி வலியேவா. சாம்பிள் எடுத்தது 2021 டிசம்பர் 25, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல. ஸ்டாக்ஹோம் லேபுக்குப் போச்சு, அங்க கொரோனாவால ஆள் இல்ல, இது அவசரம்னு யாரும் குறிச்சும் அனுப்பல, ரிசல்ட் வந்தது பிப்ரவரி 8, ரஷ்யா டீம் ஈவென்ட்ல ஜெயிச்சதுக்கு மறுநாள். சாம்பிள்ல இருந்தது ட்ரைமெட்டாசிடின், நம்ம ஊர்ல நெஞ்சுவலிக்கு வயசானவங்களுக்கு எழுதிக் குடுக்கற மாத்திரைதான். அவளுக்கு அப்ப 15 வயசு. 16 வயசுக்குக் கீழ இருந்தா விதியிலயே தனிப் பாதுகாப்பு இருக்கு. காஸ்ங்கற விளையாட்டு நடுவர் நீதிமன்றம் பிப்ரவரி 14ல சொன்னது இவ்வளவுதான்: சின்னப் பொண்ணு, ரிசல்ட் தாமதமானது இவ தப்பு இல்ல, இப்ப தடுத்துட்டு நாளைக்கு நிரபராதின்னு தெரிஞ்சா இந்த நஷ்டத்த யாராலயும் ஈடுகட்ட முடியாது, அதனால இப்ப ஆடட்டும், விசாரணை அப்புறம். ஆட விட்டதுக்கும் விடுதலைக்கும் சம்பந்தமே இல்ல. விசாரணை முடிஞ்சு 2024 ஜனவரில நாலு வருஷத் தடை போட்டாங்க, ரஷ்யாவோட டீம் தங்கம் போச்சு, அமெரிக்க டீமுக்கு அந்தத் தங்கத்த 2024 ஆகஸ்ட்ல பாரிஸ்ல வெச்சுக் குடுத்தாங்க.

ஷகாரிக்கு ஒரு மாசம், வலியேவாவுக்கு 48 மாசம். பெய்ஜிங்ல அவள ஆட விட்டப்ப ஷகாரி ட்விட்டர்ல, எனக்கும் அவங்களுக்கும் நான் பாக்கற ஒரே வித்தியாசம் நான் கறுப்புப் பொண்ணுங்கறதுதான்னு எழுதினாங்க. அந்தக் கோவம் எனக்குப் புரியுது, அவங்க எடத்துல யாரா இருந்தாலும் அப்படித்தான் கேப்பாங்க. ஆனா வித்தியாசம் வேறயும் இருந்துச்சு. வயசு வேற, ரிசல்ட் வந்த நேரம் வேற, ஒருத்தர் ஒத்துக்கிட்டார், இன்னொருத்தர் தாத்தாவோட மாத்திரை தப்பா கலந்துருச்சுன்னு சொல்லி வழக்காடினாங்க. இதெல்லாம் மறைச்சுட்டு நாம பேசினா, எதிர்ல இருக்கறவங்க அந்த ஓட்டைய மட்டும் காட்டிட்டு மொத்தப் பேச்சையும் தள்ளிட்டுப் போயிடுவாங்க, உங்க ஸ்டாஃப் ரூம்ல நடந்ததும் அதானே.

சரி, "ரூல்னா ரூல்தான்". அமெரிக்க ஜனாதிபதி பைடனும் அன்னிக்கு கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். கேள்வி என்னன்னா அந்த ரூல யாரு, எதுக்காக எழுதினாங்க?

1998 நகானோ குளிர்கால ஒலிம்பிக்ல கனடாவோட ராஸ் ரெபாலியாட்டிங்கற ஸ்னோபோர்டு வீரர் தங்கம் ஜெயிச்சார், சாம்பிள்ல கஞ்சா, பதக்கத்த புடுங்கினாங்க. காஸ் என்ன சொல்லுச்சுன்னா, கஞ்சா பத்தி ஐஓசிக்கும் (சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி) பனிச்சறுக்கு சம்மேளனத்துக்கும் ஒப்பந்தமே இல்ல, பின்ன எப்படி புடுங்குவீங்கன்னு பதக்கத்த திருப்பிக் குடுத்துருச்சு. அதுக்கப்புறந்தான் கஞ்சாவ தடை பண்ண வேகவேகமா வேலை நடந்துச்சு. அமெரிக்க அரசோட போதைப்பொருள் ஒழிப்புத் தலைவரா அப்ப இருந்த பேரி மெக்காஃப்ரி இதுல முன்னாடி நின்னார். 1999ல வாடாங்கற உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்ப ஆரம்பிச்சாங்க, 2004ல அவங்களோட மொத பட்டியல் வந்தப்ப கஞ்சா அதுல இருந்துச்சு.

வாடா ஒரு பொருள பட்டியல்ல சேக்க மூணு அளவுகோல் வெச்சிருக்கு: ஆட்டத்திறன கூட்டுமா, உடம்புக்கு ஆபத்தா, விளையாட்டோட மாண்புக்கு விரோதமா. மூணுல ரெண்டு இருந்தா போதும். 2022 செப்டம்பர்ல, ஷகாரி விவகாரத்துக்கு அப்புறம், மறுபடி ஆராய்ஞ்சு பாத்துட்டு கஞ்சா பட்டியல்லயே இருக்கட்டும்னு முடிவு பண்ணாங்க, காரணமா சொன்னது உடம்புக்கு ஆபத்து, விளையாட்டு மாண்பு. அதாவது வேகமா ஓட வைக்குதுங்கறதுக்காக அது அங்க உக்காந்திருக்கல. வாடாவச் சேந்த விஞ்ஞானிகளும் சேந்து எழுதின 2011 கட்டுரையில, இளைஞர்களுக்கு முன்மாதிரியா இருக்கவேண்டிய வீரருக்கு இது பொருந்தாதுங்கற மாதிரி ஒரு நியாயம் வருது. யாரு முன்மாதிரின்னு முடிவு பண்றது ஊக்கமருந்து லேபோட வேலையா? சாராயமும் உடம்புக்குக் கேடுதான், சிகரெட்டும் கேடுதான், ரெண்டும் வாடாவோட தடைப் பட்டியல்ல இல்ல.

கஞ்சா மேல இந்தத் தனி வெறுப்பு எங்கருந்து வந்துச்சுன்னு பாத்தா நீங்க சொன்ன நிறம் அங்க வந்து நிக்குது. அமெரிக்காவுல கறுப்பர்களும் வெள்ளையர்களும் கஞ்சா எடுக்கற விகிதம் கிட்டத்தட்ட ஒன்னுதான், ஆனா கஞ்சா வெச்சிருந்ததுக்காக கைதாகற வாய்ப்பு கறுப்பர்களுக்கு 3.64 மடங்கு அதிகம்னு ஏசிஎல்யூங்கற சிவில் உரிமை அமைப்பு 2020ல அறிக்கை போட்டுச்சு. அந்த நாட்டு போலீஸ் போதைப்பொருள் மேல நடத்தின யுத்தத்தோட மனநிலை அப்படியே உலக விளையாட்டுப் பட்டியலுக்குள்ள வந்துருச்சு. பட்டியல்ல யாரோட நிறமும் எழுதல, எல்லாருக்கும் ஒரே ரூல்தான், ஆனா அந்த ரூல் எந்த பயத்துல பொறந்துச்சோ அந்த பயத்துக்கு நிறம் இருந்துச்சு.

இன்னொன்னு சொல்லணும், இத யாரும் அழுத்திச் சொல்றதில்ல. 100 மீட்டர் எடம் ரூல்படி போச்சு, சரி. ஆனா 4x100 ரிலேவுக்கு ரெண்டு பேர அமெரிக்க தடகள சம்மேளனமே விருப்பப்படி சேத்துக்கலாம்னு இருந்துச்சு, ரிலே நடந்தது ஆகஸ்ட்ல, தடை முடிஞ்சாச்சு, ட்ரையல்ஸ்ல மொதல்ல வந்த பொண்ணு அவங்க. சேக்கல. இந்த விதிய மறுபரிசீலனை பண்ணணும்னு அவங்களே அறிக்கை விட்டுட்டு, நாங்க இப்ப மாத்தினா ட்ரையல்ஸோட நேர்மை போயிடும்னாங்க. பாரபட்சம்னு நீங்க கேள்வி கேக்கணும்னா இங்க கேளுங்க, ஏன்னா இங்க கையக் கட்டிப்போட ரூல் எதுவும் இல்ல. அந்த முடிவுல நிறம் இருந்துச்சுன்னு நான் சொல்லமாட்டேன், எனக்கு அதுக்கு ஆதாரம் இல்ல, ஆனா இரக்கம் காட்ட வழி இருந்தும் காட்டலங்கறது எல்லாருக்கும் தெரிஞ்ச உண்மை.

ஷகாரி தடை வெளிய வந்த அதே வாரத்துல வேற என்னெல்லாம் நடந்துச்சுன்னு பாத்தாதான் அந்தக் கோவத்தோட அளவு புரியும். நமீபியாவச் சேந்த கிறிஸ்டின் எம்போமா, பியாட்ரிஸ் மாசிலிங்கி, ரெண்டு பேருக்கும் 18 வயசு, எந்த மருந்தும் எடுக்கல, உடம்புல இயற்கையா டெஸ்டோஸ்டிரோன் அதிகம்னு சொல்லி 400 மீட்டர்ல ஓடக்கூடாதுன்னுட்டாங்க. (எம்போமா 200 மீட்டர் ஓடி வெள்ளி வாங்கினாங்க, அந்த ரூல் 400லருந்து ஒரு மைல் வரைக்கும்தான் அப்ப.) அதே வாரம் நீச்சல் சம்மேளனம், கறுப்பர்களோட அடர்த்தியான சுருள்முடிக்குன்னு செஞ்ச சோல் கேப்ங்கற தொப்பிய, தலையோட இயற்கையான வடிவத்துக்கு ஒத்து வரலன்னு நிராகரிச்சாங்க. யாரு தலையோட இயற்கை? அடுத்த வருஷம் அனுமதிச்சுட்டாங்க, ஆனா டோக்கியோ முடிஞ்சு போச்சே. ஒவ்வொன்னுக்கும் தனித்தனியா ஒரு விளக்கம் இருக்கு, எல்லாத்தையும் சேத்து வாங்கிக்கிட்டவங்க மட்டும் கறுப்புப் பொண்ணுங்க.

வலியேவா பத்தியும் ஒரு வார்த்தை. அவ பேரு வந்ததும் "ரஷ்யாவா, அப்ப கண்டிப்பா மருந்துதான்"னு உலகம் பூரா ஒரே குரல்ல பேசினாங்க. ரஷ்யாவோட அரசு ஏற்பாட்டு ஊக்கமருந்து விவகாரம் நெஜம், 2016 மெக்லாரன் அறிக்கை எல்லாருக்கும் தெரியும். ஆனா 15 வயசுப் பொண்ணு தானா மருந்துக்கடைக்குப் போயி நெஞ்சுவலி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டாள்னு யாராவது நம்பறாங்களா? அவளச் சுத்தி பயிற்சியாளர், டாக்டர், சம்மேளனம்னு எவ்வளவோ பெரியவங்க இருந்தாங்க, காஸ் போட்ட நாலு வருஷம் அவ பேர்ல மட்டும்தான். தனிநபர் ஈவென்ட்ல அந்த ஃபைனல் அன்னிக்கு திரும்பத் திரும்ப விழுந்து நாலாவது வந்தா, அழுதுட்டே வெளிய வந்த கொழந்தைய கேமரா துரத்துச்சு. ஷகாரிக்கு நியாயம் கேக்கறவங்க இந்தப் பொண்ண வில்லியாக்கித்தான் கேக்கணும்னு அவசியமில்ல.

நிறத்த விட்டா பணம். டென்னிஸ்ல யானிக் சின்னருக்கு 2024 மார்ச்ல சாம்பிள்ல க்ளோஸ்டெபால்ங்கற தடை பண்ணின ஸ்டீராய்டு, பிசியோ கையில இருந்த ஸ்ப்ரே மூலமா வந்துச்சுன்னு உடனே கண்டுபிடிச்சு மேல்முறையீடு பண்ணி, வெளிய யாருக்கும் தெரியாமலே தொடர்ந்து ஆடினார். கடைசில வாடாவோட சமரசமாகி 2025ல மூணு மாசத் தடை. பிரிட்டனோட டாரா மூர் சின்னர் அளவுக்குப் பேர் இல்லாத வீராங்கனை, 2022ல மாட்டினவங்க, மருந்து கலந்த இறைச்சி காரணம்னு மொத தீர்ப்பாயம் ஏத்துக்கறதுக்கே 19 மாசம் வீட்ல உக்காந்திருந்தாங்க, அப்புறம் 2025ல காஸ் அதையும் மாத்தி நாலு வருஷம்னுருச்சு. ரெண்டு வழக்கும் ஒன்னு இல்ல, மருந்தும் வேற ஆதாரமும் வேற. ஆனா நல்ல வக்கீல், நல்ல விஞ்ஞானி, நாலு நாள்ல கைக்கு வர்ற லேப் ரிப்போர்ட் இதெல்லாம் இருக்கறவங்களுக்கு ஒரு நடைமுறை, இல்லாதவங்களுக்கு ஒரு நடைமுறைங்கறது எனக்கு ரொம்பத் தெளிவாத் தெரியுது. உங்க கிரவுண்ட்ல ஓடற புள்ளைங்க நாளைக்கு மாட்டினா எந்தப் பக்கம் நிப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்றதுன்னு கேட்டீங்க. ஆமா, எடுத்தாங்க, மாட்டினாங்க, ஒத்துக்கிட்டாங்க, அம்மா செத்த துக்கத்துல எடுத்தாங்க, அது அவங்கள வேகமா ஓட வைக்கலன்னு மறைக்காம சொல்லுங்க. ஆனா ரூல் இருக்கற வரைக்கும் அதுல மாட்டினா நம்ம புள்ளைங்களுக்கு வாதாட ஆள் இல்ல, அதனால யாரு குடுத்த பவுடரா இருந்தாலும், ஊசியா இருந்தாலும், மெடிக்கல்ல வாங்கின மாத்திரையா இருந்தாலும் உங்ககிட்ட காட்டாம எடுக்கக்கூடாதுன்னு இப்பவே பழக்கிடுங்க. அப்புறம் 2023 புடாபெஸ்ட் ஃபைனல் வீடியோ போட்டுக் காட்டுங்க, செமில மூணாவதா வந்து டைம் வெச்சு உள்ள நொழைஞ்ச ஷகாரி ஓரத்துல ஒன்பதாவது லேன்ல நின்னு 10.65ல ஜெயிச்சாங்க. மேத்ஸ் சாரையும் கூப்பிட்டு உக்கார வைங்க, அவர்கிட்ட நான் கேக்க நெனைக்கறது ஒன்னுதான்: 2013 வரைக்கும் சாம்பிள்ல கஞ்சாவுக்கு வரம்பு மில்லிக்கு 15 நானோகிராம், அதுக்கப்புறம் அதையே 150 ஆக்கிட்டாங்க, ஒரே நாள்ல பத்து மடங்கு. அப்ப அதுக்கு முந்தின நாள் 20ல மாட்டினவர் செஞ்சது குத்தமா இல்லயா? அவர் என்ன சொல்றார்னு எனக்கு எழுதுங்க.