மதுரைக் கோயிலில் மதியம் ஏன் நடை சாத்துகிறார்கள்?
சேலத்திலிருந்து மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது. நடை சாத்துவது என்றால் தரிசனத்தை நிறுத்திவிட்டுக் கதவை மூடுவது. மதுரையில் வழக்கமாக 12.30 முதல் 4 மணி வரை. ஒரு நாளின் பூஜைகள் பல வேளைகளாகப் பிரித்து நடக்கின்றன; உச்சிக்கால பூஜையும் நைவேத்தியமும் முடிந்ததும் சுவாமிக்கு ஓய்வு. வீட்டுப் பெரியவர் மதியம் சாப்பிட்டுக் கண்ணயரும்போது வந்தவரைத் திண்ணையில் உட்கார வைப்போமே, அப்படித்தான்.

தூரம் சுமார் 235 கிலோமீட்டர். புதிய பஸ் ஸ்டாண்டில் எட்டு மணிக்குச் சாவகாசமாகப் பஸ் ஏறினால் மூடிய கதவைத்தான் பார்க்க வேண்டும். விடியும் முன் கிளம்புங்கள். இல்லையென்றால் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் கூட்டம் என்று புலம்பக் கூடாது!

கட்டணச் சீட்டு எடுத்தால் நடை சாத்திய பிறகும் விடுவார்கள் என்று சிலர் நம்புகிறார்கள். சீட்டு வரிசையைச் சுருக்கும், அவ்வளவுதான்.