ஓசிடி ஸ்கேனும் கிளாக்கோமாவும்: நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள்

கண் மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பது என் வேலை. ஓசிடி என்பது ஒளியால் விழித்திரையின் படலங்களை அளக்கும் ஸ்கேன். கிளாக்கோமா என்பது பெரும்பாலும் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தால் பார்வை நரம்பு மெல்ல அழியும் நோய். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன், மருந்தை மாற்றுவதோ நிறுத்துவதோ உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான்.

அக்கா, அப்பா கடைசி வரி வரைக்கும் படிக்கிறார். ஆனால் ஓசிடி பார்த்துவிட்டு நரம்பு போயிருக்கிறது என்கிறார்கள். எப்படி?

எழுத்துப் பலகை நடுப்பார்வையை மட்டும்தான் சோதிக்கும் தம்பி. கிளாக்கோமா பெரும்பாலும் சுற்றுப்புறத்தை முதலில் அரித்துவிட்டு, நடுவைக் கடைசியில்தான் தொடும். விழித்திரையில் சுமார் பத்து லட்சம் கேங்லியான் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் இழை கிளம்பி, எல்லாம் ஒரே கற்றையாகச் சேர்ந்து, சல்லடை மாதிரியான ஒரு தட்டின் ஓட்டைகள் வழியாகக் கண்ணை விட்டு வெளியேறி மூளைக்குப் போகின்றன. அழுத்தத்தில் அந்தத் தட்டு வளையும்போது இழைகள் நசுங்கும், இழை போனால் பின்னாலேயே செல்லும் போய்விடும். இறந்தவர்கள் தானம் தந்த கண்களில் செல்களை எண்ணிப் பார்த்தபோது, பீல்டு டெஸ்டில் (சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் சோதனை) குறை தெரிய ஆரம்பித்த இடங்களில் ஏற்கெனவே 25 முதல் 35 சதவீதம் செல்கள் இல்லை. ஒரு கண் விட்டதை மறு கண் பிடித்துக்கொள்வதால் அப்பாவுக்குத் தெரிந்திருக்காது.

எனக்கு மைனஸ் 7 பவர். ரிப்போர்ட் முழுக்கச் சிவப்பு. பயமாக இருக்கிறது.

சிவப்பு என்றால், உங்கள் வயதில் நோயில்லாத நூறு பேரில் 99 பேரைவிட உங்கள் நரம்பிழைப் படலம் (அந்த இழைகள் விழித்திரையில் பரவியிருக்கும் அடுக்கு) மெல்லியது, அவ்வளவுதான். அந்த நூறு பேரில் உங்களைப் போல அதிக மைனஸ் பவரும், முன்பின்னாக நீண்ட கண்ணும் உள்ளவர்கள் அரிது. படலத்தின் தடிமனை வரைந்தால் மேலேயும் கீழேயும் இரண்டு மேடுகள் வரும். மைனஸ் பவர் அதிகமானால் அந்த மேடுகள் காதுப் பக்கமாக நகர்ந்துவிடும், மெஷின் எதிர்பார்த்த இடத்தில் மேடு இல்லாததால் சிவப்பு போட்டுவிடும். அதற்காகச் சும்மா விட்டுவிடாதீர்கள், டாக்டர் மற்ற சோதனைகளோடு சேர்த்துப் பார்க்கட்டும்.

அளவு சரி என்று பச்சை வந்தவர்களும் கேளுங்கள். படலத்தின் தடிமன் 115 மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) தொடங்கிய ஒருவர் 95-க்கு இறங்கினாலும் பச்சைதான் காட்டும். ஊராரோடு ஒப்பிடுவதைவிட உங்களை உங்களோடு ஒப்பிடுவதுதான் முக்கியம். அதனால்தான் முதல் ரிப்போர்ட்டைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. முடிந்தவரை ஒரே மெஷினில் எடுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி எண் மாறும்.

அப்புறம், கண் காய்ந்திருந்தால் சிக்னல் குறைந்து, படலம் உள்ளதைவிட மெல்லியதாக வரலாம். போன மாதம் ஒரு அம்மா தாடையைத் தாங்கியில் வைத்து இமைக்காமல் பச்சைப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார், படம் மங்கல். ஒரு சொட்டு செயற்கைக் கண்ணீர் விட்டு, நன்றாக இமைக்கச் சொல்லி மறுபடி எடுத்தேன், ஏழு மைக்ரான் கூடி வந்தது.

செத்துக்கொண்டிருக்கும் செல்லையே நேரடியாகப் பார்க்க முடியாதா?

ஓசிடி 1991-இல் வந்தது. அது காட்டுவது படலத்தின் தடிமனை, செல்லின் உயிரை அல்ல. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில், சாகப்போகும் செல்லில் போய் ஒட்டும் ஒளிரும் புரதத்தை ரத்தக்குழாயில் ஊசியாகப் போட்டு, விழித்திரையில் வெள்ளைப் புள்ளிகளாக அவற்றைப் பார்த்தார்கள், மனிதர்களில் செய்த முதல் சோதனை 2017-இல் வெளியானது. அதே ஆண்டில் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில், கண்ணின் ஒளிச்சிதைவைச் சரிசெய்யும், வளைந்துகொடுக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடிகளோடு ஓசிடியைச் சேர்த்து, உயிருள்ள கண்ணில் கேங்லியான் செல்களைத் தனித்தனியாகப் படம்பிடித்தார்கள். எனக்குப் பெரிய நம்பிக்கை தரும் வேலைகள் இவை.

இரண்டு வருடமாக 52 மைக்ரானிலேயே நிற்கிறது. நோய் நின்றுவிட்டதா சார் என்று கேட்டால் டாக்டர் இல்லை என்கிறார்.

அவர் சொல்வது சரி. இழைகள் எல்லாம் போனாலும் ரத்தக்குழாயும் தாங்குதிசுவும் மிச்சமிருக்கும், 50-ஐ ஒட்டி வந்துவிட்டால் அதற்குக் கீழே எண் அதிகம் இறங்காது. இனி உங்களுக்குப் பீல்டு டெஸ்ட்தான் வழிகாட்டி.

சொட்டு மருந்து விட்டால் போன பார்வை வருமா?

வராது. இருப்பதைக் காக்கும்.

அண்ணனுக்குக் கிளாக்கோமா. எனக்கு 41, ஒரு தொந்தரவும் இல்லை.

உடன்பிறந்தவருக்கு இருந்தால் உங்களுக்கும் வாய்ப்பு பல மடங்கு. இந்த வாரமே போங்கள், வரும்போது அந்த முதல் ரிப்போர்ட்டைக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.