கிங்ஸ் தேவாலயத்தை யார் கட்டியது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகளைப் பார்க்க கேம்பிரிட்ஜ் போயிருந்தேன். ஆறாம் ஹென்றி கட்டிய கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தைப் பார்த்துப் பிரமித்துப்போனேன். ஓர் அரசர் மனது வைத்தால் எதுவும் நடக்கும் என்று தோன்றியது. ஒரு சந்தேகம். 1284-இல் தொடங்கிய பீட்டர்ஹவுஸ்தானே அங்கே மிகப் பழைய கல்லூரி? அங்கே ஏன் கூட்டமே இல்லை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பீட்டர்ஹவுஸ்தான் மூத்தது. ஆனால் வயதைப் பார்த்தா கூட்டம் சேருகிறது? அதை விடுங்கள். 'ஆறாம் ஹென்றி கட்டிய' என்று எழுதிவிட்டீர்களே, அதுதான் உறுத்துகிறது. கொஞ்ச நாளாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

1446 ஜூலையில் ஹென்றி முதல் கல்லை வைத்தபோது அவருக்கு வயது 24. அந்த இடத்துக்காக ஊர் நடுவே இருந்த வீடுகளும், ஆற்றுத்துறைக்குப் போகும் சந்துகளும், ஒரு தேவாலயமும்கூட இடிபட்டன. இழந்தவர்களை யாரும் நினைப்பதில்லை. 1461-இல் அவர் அரியணையை இழந்தார், வேலை நின்றது. பத்து வருடம் கழித்து லண்டன் கோபுரச் சிறையில் செத்தும் போனார். அவர் பார்த்தது கூரையில்லாத அரைகுறைச் சுவர்களைத்தான்.

வெளிச்சுவரைப் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள், எல்லோரும் நேராக உள்ளே ஓடுகிறார்கள். யார்க்ஷயரிலிருந்து வந்த வெள்ளைச் சுண்ணாம்புக்கல் ஒரு மட்டத்தோடு நின்றுவிடும், அதற்கு மேல் மங்கிய மஞ்சள் கல். நான் அங்கே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பணம் நின்றது, ஆள் போனது, அரசு மாறியது எல்லாம் அந்தச் சுவரிலேயே தெரிகிறது.

உங்களைப் பிரமிக்கவைத்தது அந்தக் கூரை என்றால், அதை 1512-இல் தொடங்கி மூன்றே வருடத்தில் முடித்தவர் ஜான் வாஸ்டெல் என்ற தலைமைக் கொத்தர். நீளம் 289 அடி. விரித்த பனையோலை விசிறிகளை வரிசையாக அடுக்கியதுபோல் இருக்கும் அதைத் தாங்க நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. கல்லைக் கல்லே தாங்குகிறது. உலகத்திலேயே பெரிய விசிறிக்கூரை அது. பாரம் எந்த வழியாகச் சுவருக்கு இறங்கும், எந்தக் கல் எந்தக் கல்லை முட்டுக்கொடுக்கும் என்பதெல்லாம் அந்த மனிதரின் தலைக்குள் இருந்தது. பணம் பின்னால் ஆட்சிக்கு வந்த டியூடர் வம்ச அரசர்களுடையது. அதனால் ரோஜாவும் கிராதிக்கதவுமாக அவர்கள் சின்னங்களை எங்கும் செதுக்கச் சொன்னார்கள். ஹென்றியோ மிகையான செதுக்கு வேலைகளே வேண்டாம் என்று எழுதிவைத்தவர்!

உங்கள்மேல் கோபமில்லை அம்மா. நம் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். ஆனால் மகளிடம் பேசும்போது வாஸ்டெல் பெயரைச் சொல்லுங்கள். அவருக்கு முன்னால் ரெஜினால்ட் ஈலி, சைமன் கிளார்க் என்று கொத்தர்கள் இருந்தார்கள், அவர்களையும் சொல்லுங்கள். அப்புறம், அடுத்த முறை போனால் இரண்டு பேரும் கேன்டர்பரிக்கு ஒரு நடை போய்வாருங்கள். அங்கே இருக்கும் பேராலயத்தின் நடுக்கோபுரமும் வாஸ்டெல் எழுப்பியதுதான்.