லாட்டர்ப்ருன்னன் ஊர்க்குழாய்த் தண்ணீரில் வெள்ளைச் செதில்: குடிக்கலாமா?

குடிக்கலாம். சுவிட்சர்லாந்தில் பள்ளத்தாக்கு ஊரான லாட்டர்ப்ருன்னனில், ஊர்க்குழாயில் பிடித்த தண்ணீரைக் கெட்டிலில் கொதிக்கவைத்ததும் வெள்ளைச் செதில் மிதக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அது அழுக்கு இல்லை, சுண்ணாம்பு. அந்தப் பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாறைகளே சுண்ணாம்புக்கல்தான். ஊற்றுநீர் அதைக் கரைத்துக்கொண்டு வருகிறது, சூடானதும் படிந்துவிடுகிறது. நம் வீட்டில் போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் பிடிக்குமே, அதே சங்கதி.

சந்தேகமாக இருந்தால் செதில்மேல் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துக் கரைந்தால் சுண்ணாம்புதான். கெட்டிலில் முன்பே படிந்திருந்ததும் உதிர்ந்திருக்கலாம், அதையும் ஒருமுறை கழுவிப் பாருங்கள்.

தண்ணீரைக் குழாய் வாயிலிருந்தே பிடியுங்கள், அதன் கீழே இருக்கும் தொட்டியில் முக்காதீர்கள். பழைய ஊர்களில் அந்தத் தொட்டி மாடு குடிக்கவும் துணி அலசவும் கட்டியது. மரத்தைக் குடைந்து செய்த தொட்டி கண்ணில் பட்டால் கொஞ்சம் நின்று பாருங்கள், விளிம்பில் பச்சைப் பாசியும் நடுவில் பனிக்குளிர் நீருமாக அவ்வளவு அழகு.

ஆனால் ‘கைன் டிரிங்க்வாஸர்’ என்று பலகை இருந்தால் தொடவே வேண்டாம். ஜெர்மன் மொழியில் குடிநீர் அல்ல என்று பொருள். மேலே மாடு மேயும் புல்வெளியில் திறந்து ஓடும் ஊற்றுக்குப் பலகை இல்லாமலும் இருக்கலாம். அதைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள், பெருமழைக்கு மறுநாள் கட்டாயம் வேண்டாம்.