அம்மா ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறார்?

அன்புள்ள ஐயா,

என் அம்மாவுக்கு 56 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்து ஒரு வருடம் ஆகிறது. இப்போது மாத்திரை மட்டும்தான். காய்கறி, பழம், சிறுதானியம் சாப்பிட்டு தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். எல்லாம் வாங்கிவந்து செய்துவைக்கிறேன். தொடுவதே இல்லை. டீயும் வர்க்கியும் போதும் என்கிறார். "பிழைத்து வந்த பிறகும் என்ன பிடிவாதம்" என்று சித்தி திட்டுகிறார். எனக்கும் கோபம் வருகிறது. அம்மாவை எப்படி மாற்றுவது?

ஒரு மகள், திருமங்கலம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா சாப்பிடாததை எழுதியிருக்கிறீர்கள். அவர் தூங்குகிறாரா, அக்கம்பக்கத்தில் யாரிடமாவது பேசுகிறாரா? எனக்கு முதலில் அதைத்தான் கேட்கத் தோன்றியது.

சிகிச்சையின்போது தைரியமாக இருந்தவர்கள் அது முடிந்த பிறகு உடைந்துபோவது நிறைய நடக்கிறது. அதுவரை ஆஸ்பத்திரி, நர்ஸ், துணைக்கு வரும் ஆள் என்று சுற்றி யாராவது இருப்பார்கள். அப்புறம் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். 'திரும்ப வந்துவிடுமோ' என்ற பயத்தோடு அவர் மட்டும் வீட்டில். அது மனச்சோர்வாக மாறிவிட்டால் ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்பதுகூட பெரிய வேலையாகத் தெரியும். புற்றுநோயிலிருந்து மீண்டவர்களைப் பற்றிய ஆய்வுகளும் இதைச் சொல்கின்றன: மனச்சோர்வு உள்ளவர்களால் உணவையும் நடையையும் எளிதில் மாற்றிக்கொள்ள முடிவதில்லை. இதைப் பிடிவாதம் என்பது அநியாயம். சித்தியிடமும் சொல்லுங்கள்.

எதிலும் நாட்டமில்லாமல், தூக்கம் கெட்டு, 'நான் உங்களுக்குப் பாரம்' என்ற பேச்சோடு இரண்டு வாரம் போனால் மனநல மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் அதற்கான பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் வர அம்மா தயங்கினால் 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' என்ற தொலைபேசி மனநல ஆலோசனை இருக்கிறது. 2022 முதல் நடக்கும் அரசுச் சேவை, இலவசம், தமிழிலேயே பேசலாம். 'செத்தால் தேவலை' என்ற பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றே கூட்டிப்போங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். அம்மாவின் மாத்திரை டமாக்சிஃபென் என்றால் மனநல மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பராக்ஸிடின், ஃப்ளூவாக்ஸிடின் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள் அதன் வேலையைக் குறைக்கக்கூடும். ஒத்துப்போகும் வேறு மருந்துகள் உண்டு. பழைய சீட்டுகளை எல்லாம் கையோடு கொண்டுபோங்கள். எடை குறைந்தாலோ அசதி விடாமல் இருந்தாலோ புற்றுநோய் டாக்டரிடமும் சொல்லுங்கள். ரத்தசோகை, தைராய்டு என்று உடம்பிலும் காரணம் இருக்கலாம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, கம்பும் கேழ்வரகும் கொஞ்சநாள் கழித்து வரட்டும். அவருக்குப் பிடித்த இட்லியோடு ஒரு முட்டையோ கொஞ்சம் பருப்போ சேர்ந்தால் இப்போதைக்குச் சரி. எதிரில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். நோய் வந்த நாளிலிருந்து அவருக்கு எல்லாவற்றையும் மற்றவர்களே முடிவு செய்திருப்பார்கள். அதனால் சந்தைக்கு அவரையும் கூட்டிப்போங்கள். நீங்கள் கீரை என்று நினைத்துப்போய் அவர் கத்திரிக்காய் எடுத்தால் எடுக்கட்டும், அதுவும் காய்தானே. வர முடியவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள்.