புலம்பெயர்ந்து வேலை செய்பவர்களிடம் காசநோய் பற்றி எப்படிப் பேசுவது, பரவாமல் எப்படித் தடுப்பது?

முதலில் அவர்களுடைய பயத்துக்குப் பதில் சொல்லுங்கள், நோய் விளக்கமெல்லாம் அப்புறம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவது, இரவில் வியர்ப்பது இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது, தன்னார்வலராக நான் பேசிய பலருக்கு முன்பே தெரிந்திருந்தது. அவர்கள் கேட்டது வேறு. டிபி என்று தெரிந்தால் வேலை போய்விடுமா, அறையை விட்டுத் துரத்துவார்களா, விசா ரத்தாகுமா, ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களா? இதற்கெல்லாம் அந்த இடத்துச் சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்துக்கொண்டு போங்கள். சும்மா "பயப்படாதீங்க" என்று சொல்லி, அதை நம்பிய ஒருவருக்கு வேலை போனால், அடுத்தவர் இருமலை மறைக்கத்தான் பார்ப்பார்.

நோயாளி இருமும்போதும் பேசும்போதும் காற்றில் கலக்கும் கிருமியால்தான் இது பரவுகிறது. தட்டு, டம்ளர், துணி, கைகுலுக்கல் எதனாலும் பரவாது. ஆனால் அறையில் ஒருவருக்கு டிபி என்றதும் அவருடைய தட்டைத் தனியாக வைக்கிறார்கள், ஜன்னல் மூடியேதான் கிடக்கிறது! ஷிஃப்ட் மாற்றி மாற்றிப் பலர் படுத்தெழும் அறையில் காற்றோட்டம் வேண்டும் என்பதைத் தொழிலாளியிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை, அறையை வாடகைக்கு விடுபவரிடமும் வேலை கொடுப்பவரிடமும் சொல்ல வேண்டும்.

"வந்தவர்கள்தான் நோயைக் கொண்டுவந்தார்கள்" என்ற பேச்சு எனக்குக் கோபம் வரவைக்கும். உலக மக்களில் சுமார் நான்கில் ஒருவர் உடலில் இந்தக் கிருமி நுழைந்திருக்கிறது, அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் அது நோயாகிறது. சத்தான சாப்பாடு இல்லாதது, சர்க்கரை நோய், எச்ஐவி, புகை, மது, கல் உடைக்கும் இடத்துத் தூசி, இவைதான் உறங்கும் கிருமியை எழுப்பிவிடுபவை. அதற்குத் தடுப்பு சிகிச்சையும் இருக்கிறது. வாரம் ஒருமுறை, மூன்று மாதம், மொத்தம் 12 வேளை மாத்திரை சாப்பிடும் முறை பல நாடுகளில் வந்துவிட்டது. நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகே அதைத் தொடங்குவார்கள். நோயாளியோடு ஒரே அறையில் இருந்தவர்கள், முக்கியமாகச் சின்னக் குழந்தைகள், அவசியம் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

நோயே வந்துவிட்டால், சாதாரண டிபிக்கு வழக்கமாக 6 மாத சிகிச்சை. முதல் 2 மாதம் நான்கு மருந்து, பிறகு பெரும்பாலும் இரண்டு. சில வாரங்களிலேயே உடம்பு தேறிவிடுவதால் பலர் நிறுத்திவிடுகிறார்கள், ரிஃபாம்பிசின் மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துபவர்களும் உண்டு (அது ஆபத்தில்லாத நிறமாற்றம், ஆனால் கண்ணோ தோலோ மஞ்சளானால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்). பாதியில் நின்றால் மருந்துக்கு அடங்காத டிபியாக மாறலாம். வேலை முடிந்து வேறு ஊருக்குக் கிளம்பும்போதுதான் சிகிச்சை அதிகம் அறுந்துபோகிறது, அதனால் கிளம்புவதற்கு முன்பே சிகிச்சை அட்டை, மாற்றல் கடிதம், வழிக்குத் தேவையான மாத்திரை மூன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். புது ஊரில் எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, பரிசோதனை முகாம் நடத்தினால் வேலை நேரத்தில் வைக்காதீர்கள், ஒரு நாள் கூலி போகும் என்றால் யாரும் வரமாட்டார்கள். விடுமுறை நாளில், அவர்கள் மொழி பேசும், முடிந்தால் டிபியிலிருந்து குணமான ஒருவரோடு போங்கள், பரிசோதனை முடிவை அவரவர் கையில் மட்டும் கொடுங்கள்.